காண்ட்ராக்ட் தொழிலாளிக்குப் பணி நிரந்தரம் எப்போது கிடைக்கும்?

மின்வாரியம், நெய்வேலி, மாநகராட்சி, அரசு ஆஸ்பத்திரி என்று எங்கே போராட்டம் நடந்தாலும் பெரும்பாலும் ஒரே கோரிக்கைதான்: பணி நிரந்தரம். செய்தி வந்ததும் இரண்டு பேச்சு கிளம்பும். "பத்து வருஷம் வேலை வாங்கிவிட்டு இன்னும் நிரந்தரம் பண்ணவில்லையா, இது என்ன அநியாயம்" என்பார் ஒருவர். "காண்ட்ராக்டில் சேரும்போதே தெரியாதா, பரீட்சை எழுதி வரவேண்டியதுதானே" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே வருஷக் கணக்கை வைத்துத்தான் பேசுகிறார்கள். சட்டமோ அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்கிறது: நீங்கள் யாருடைய ஆள்? அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான் உங்கள் பத்து வருஷத்துக்கு மதிப்பு.

நிரந்தரம் இல்லாத எல்லோரையும் பொதுவாக "காண்ட்ராக்ட்" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் குறைந்தது மூன்று வகை இருக்கிறது. முதல் வகை, அரசோ வாரியமோ நேரடியாக எடுத்து, தினக்கூலியாகவோ என்.எம்.ஆர். (நாமினல் மஸ்டர் ரோல்) என்ற பெயரிலோ வைத்திருப்பவர்கள். மஸ்டர் ரோல், அதாவது வருகைப் பட்டியல், துறையின் கையில் இருக்கும், சம்பளமும் துறையிலிருந்தே வரும். இரண்டாவது தொகுப்பூதியக்காரர்கள், அதாவது மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை வாங்குகிறவர்கள். 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனையை அரசே எடுத்துக்கொண்டபோது டாஸ்மாக் கடைகளுக்கு எடுக்கப்பட்ட மேற்பார்வையாளர்கள், விற்பனையாளர்கள் நல்ல உதாரணம்: முதலாளி டாஸ்மாக்தான், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் காலமுறை ஊதியம் கிடையாது. மூன்றாவது வகைதான் சட்டப்படி ஒப்பந்தத் தொழிலாளர். இங்கே துறை டெண்டர் விடும், காண்ட்ராக்டர் எடுப்பார், காண்ட்ராக்டர் ஆள் பிடிப்பார். வேலை துறையின் இடத்தில் நடக்கும், கூலி காண்ட்ராக்டர் கையிலிருந்து வரும். இப்போது "அவுட்சோர்சிங்", "ஏஜென்சி" என்றெல்லாம் சொல்வதும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான், பெயர்ப்பலகைதான் புதுசு.

முதல் இரண்டு வகையினர் "நீதான் என் முதலாளி, என்னை நிரந்தரம் செய்" என்று நேராகக் கேட்கலாம். மூன்றாவது வகை ஆள் முதலில் "நீதான் என் முதலாளி" என்பதையே நிரூபிக்க வேண்டும். நிரந்தரம் அதற்கு அப்புறம். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒருவருக்குக் கிடைத்த தீர்ப்பை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு இன்னொருவர் கோர்ட்டுக்குப் போய் ஏமாந்து திரும்புவது அடிக்கடி நடக்கிறது.

சரி, அரசு நிறுவனங்கள் ஏன் காண்ட்ராக்டை இவ்வளவு விரும்புகின்றன? காசு மிச்சம் என்பது பாதி பதில்தான். நிரந்தர ஆளை எடுக்க வேண்டுமென்றால் ஒப்பளிக்கப்பட்ட பணியிடம் வேண்டும், அதற்கு நிதித்துறை சம்மதம் வேண்டும், அறிவிப்பு கொடுத்து இடஒதுக்கீடு பார்த்து எடுக்க வேண்டும். எடுத்த பிறகு சம்பளக் கமிஷன், ஓய்வூதியம், வாரிசு வேலை எல்லாம் பின்னாலேயே வரும். காண்ட்ராக்ட் செலவு அப்படியில்லை. அது சம்பளக் கணக்கில் வராது, ஒரு பணிக்கான செலவாகக் கணக்கில் ஏறும், ஒரு அதிகாரியின் கையெழுத்தில் முடிந்துவிடும். 2001 நவம்பரில் தமிழக அரசு புதிய நியமனங்களுக்குத் தடை போட்டது. ஆள் எடுப்பது நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. கம்பம் சாய்ந்தால் யாராவது நிமிர்த்தித்தானே ஆக வேண்டும்?

இந்த ஏற்பாடு தொழிலாளியின் கையில் எப்படி வந்து நிற்கிறது என்று பார்க்க பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் போதும். பெரிய பொதுத்துறை ஆலை ஒன்றின் உள்ளே பன்னிரண்டு வருஷமாக ஒரே கன்வேயர் பெல்ட்டைச் சுத்தம் செய்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய யு.ஏ.என்., அதாவது பி.எஃப்.பின் நிலையான எண், ஒன்றுதான். அதற்குக் கீழே முதலாளி பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கும்: ஒரு என்டர்பிரைசஸ், ஒரு கன்ஸ்ட்ரக்ஷன்ஸ், இன்னொரு என்டர்பிரைசஸ். டெண்டர் முடிகிற மாதம் ஒரு பெயர் நின்று அடுத்த மாதம் வேறொன்று தொடங்கும். நடுவில் சில சமயம் பத்துப் பதினைந்து நாள் இடைவெளி இருக்கும், "பிரேக்" என்பார்கள். கேட் பாஸிலும் அதே கதைதான்: மேலே ஆலையின் பெயர் பெரிதாக, கீழே காண்ட்ராக்டர் பெயர் சிறிதாக, அதற்குப் பக்கத்தில் செல்லுபடியாகும் தேதி. கேட் அதே கேட், பெல்ட் அதே பெல்ட், திட்டுகிற சூப்பர்வைசரும் அதே ஆள்தான். ஆனால் காகிதத்தைப் பார்த்தால் அவர் ஏழெட்டு முதலாளிகளிடம் மாறி மாறி வேலை பார்த்த ஆள். வழக்கு என்று வரும்போது நிறுவனம் நீட்டுவது இந்தக் காகிதத்தைத்தான். வேடிக்கை என்னவென்றால், தொழிலாளிக்கு இருக்கும் நல்ல சாட்சியும் இதே காகிதம்தான். காண்ட்ராக்டர்கள் வருவதும் போவதுமாக இருக்க, ஆள் மட்டும் அதே இடத்தில் இருக்கிறார் என்றால், அவரைக் கொண்டுவந்தது காண்ட்ராக்டர்தானா என்ற கேள்வி எழும் அல்லவா?

இதற்கென்று முதலில் வந்த பெரிய சட்டம் 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்பு) சட்டம். பெயரில் "ஒழிப்பு" இருப்பதைப் பார்த்துப் பலர் ஆசைப்பட்டுவிடுகிறார்கள். அந்தச் சட்டம் பெரும்பாலும் ஒழுங்குபடுத்தத்தான் செய்தது. இருபது பேரோ அதற்கு மேலோ காண்ட்ராக்டில் வைத்தால் நிறுவனம் பதிவு செய்ய வேண்டும், காண்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்க வேண்டும், குடிதண்ணீர், கேன்டீன், ஓய்வறை தர வேண்டும். காண்ட்ராக்டர் கூலி கொடுக்காமல் ஏமாற்றினால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலையை வாங்குகிற நிறுவனம், அதைக் கொடுத்துவிட்டுக் காண்ட்ராக்டரிடம் கழித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி விதி நிஜமாகவே உபயோகமானது, ஆனால் இப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒழிப்பு என்பது 10ஆம் பிரிவில் இருந்தது. ஒரு வேலை வருஷம் முழுக்க நடக்கிறதா, அந்த நிறுவனத்துக்கு அவசியமானதா, மற்ற இடங்களில் நிரந்தர ஆட்களை வைத்துச் செய்கிறார்களா, முழுநேர ஆட்களுக்குப் போதுமான வேலை இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, அந்த வேலையில் காண்ட்ராக்டே கூடாது என்று அரசு அறிவிக்கலாம். அறிவித்த பிறகு அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் கதி என்ன? அதைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. அப்புறம் முப்பது வருஷம் கோர்ட்டுகளில் நடந்த சண்டை முழுக்க இந்த மௌனத்தைப் பற்றித்தான்.

1996 டிசம்பரில் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம், காண்ட்ராக்ட் தடை செய்யப்பட்டுவிட்டால் அங்கிருந்த தொழிலாளர்கள் தானாகவே நிறுவனத்தின் ஆட்கள் ஆகிவிடுவார்கள் என்றது. நாடு முழுக்கப் பொதுத்துறையில் இருந்தவர்களுக்குப் பெரிய நம்பிக்கை வந்தது. அது ஐந்து வருஷம்கூட நிற்கவில்லை. 2001 ஆகஸ்ட் 30 அன்று ஸ்டீல் அத்தாரிட்டி (செயில்) வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, தானாக நிரந்தரம் என்று சட்டத்தில் எங்கேயும் எழுதவில்லை, கோர்ட் அதைச் சேர்த்து எழுத முடியாது என்று முந்தைய தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. மத்திய அரசு நிறுவனங்களில் கூட்டுதல், துப்புரவு, காவல் வேலைகளில் காண்ட்ராக்ட் கூடாது என்று 1976ல் போட்டிருந்த அறிவிக்கையும், ஒவ்வொரு நிறுவனத்தையும் தனித்தனியாக ஆராயாமல் மொத்தமாகப் போட்டது என்று சொல்லி அதே தீர்ப்பில் அடிபட்டுப்போனது.

ஆனால் செயில் தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தே வைத்தது. இன்றைக்குப் பெரும்பாலான வழக்குகள் அந்தக் கதவு வழியாகத்தான் போகின்றன. ஒப்பந்தம் என்பது வெறும் கண்துடைப்பு, காண்ட்ராக்டர் பெயருக்கு நிற்கிற ஆள், உண்மையில் வேலை வாங்குவது நிறுவனம்தான் என்று நிரூபித்தால், தொழிலாளி ஆரம்பத்திலிருந்தே நிறுவனத்தின் ஆள் என்று கருதப்படுவார். 1978லேயே நீதிபதி கிருஷ்ணய்யர் ஒரு கேரள வழக்கில் இதைச் சொல்லியிருந்தார்: நடுவில் எத்தனை இடைத்தரகர் நின்றாலும், தொழிலாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி, திரையை விலக்கிப் பாருங்கள் என்று. செயில் தீர்ப்பு கூடவே ஒரு கடிவாளமும் போட்டது. கண்துடைப்பா இல்லையா என்பதைச் சாட்சி, ஆவணம் எல்லாம் பார்த்துத் தொழில் தீர்ப்பாயம்தான் முடிவு செய்ய வேண்டும், உயர் நீதிமன்றத்தில் நேராகப் போடும் ரிட் மனுவில் முடியாது. ஆகவே "நேராக ஹைகோர்ட்டுக்குப் போனால் சீக்கிரம் முடியும்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே சில வருஷம் கிடந்துவிட்டு, "தீர்ப்பாயத்துக்குப் போ" என்ற ஒரு வரியோடு திரும்பி வந்த வழக்குகள் ஏராளம்.

கண்துடைப்பை எப்படி நிரூபிப்பது? 2019ல் பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு கேள்விகளை முக்கியமாக வைத்தது. சம்பளத்தைக் காண்ட்ராக்டருக்குப் பதிலாக நிறுவனமே கொடுக்கிறதா? வேலையைக் கட்டுப்படுத்துவதும் மேற்பார்வை பார்ப்பதும் நிறுவனமா? இரண்டாவது கேள்விக்குத் தொழிலாளர்கள் உடனே "ஆமாம், எங்களை ஏவுவது கம்பெனி ஏ.இ. (உதவிப் பொறியாளர்) தானே" என்பார்கள். நிறுவனத்தின் வக்கீல் அதற்கு, அது இரண்டாம்பட்சக் கட்டுப்பாடு என்பார். எங்கே என்ன வேலை என்று சொல்வது எங்கள் ஆள்தான், ஆனால் யாரை அனுப்புவது, யாருக்கு லீவு, யாரை நிறுத்துவது என்பதெல்லாம் காண்ட்ராக்டர் முடிவு என்பது அந்த வாதம். இந்த வாதம் பல வழக்குகளில் ஜெயித்திருக்கிறது. அதனால் லீவு லெட்டரில் யார் கையெழுத்துப் போட்டார், ஷிப்ட் சார்ட்டை யார் ஒட்டினார், வேலையை விட்டு நிறுத்தியபோது யார் வாயால் சொன்னார்கள் என்பதெல்லாம் சில்லறை விஷயம் இல்லை, வழக்கே அதுதான். லாக்புக்கில் அதிகாரி எழுதிய ஒரு வரி, "மெட்டீரியல் ரிசீவ்ட்" என்று தொழிலாளி போட்ட கையெழுத்து, டூட்டி மாற்றச் சொல்லி வந்த வாட்ஸ்அப் மெசேஜ், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போது உமாதேவி. அரசு வேலையில் நிரந்தரம் கேட்கிற யாரும் இந்தப் பெயரைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. கர்நாடக அரசு எதிர் உமாதேவி, 2006 ஏப்ரல் 10, இதுவும் ஐந்து நீதிபதி அமர்வு. அரசு வேலை எல்லோருக்கும் சம வாய்ப்பு தந்து நிரப்ப வேண்டியது, கொல்லைப்புற வழியாக வந்தவரை வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக நிரந்தரம் செய்யச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஒரே ஒரு விலக்கு: ஒப்பளிக்கப்பட்ட பணியிடத்தில், தகுதியோடு, கோர்ட் தடையாணையின் தயவில் இல்லாமல் பத்து வருஷம் ஓட்டியவர்களை ஒரு முறை நடவடிக்கையாக நிரந்தரம் செய்யலாம். நியமனத்தில் நடைமுறைக் குறை இருந்தால் மன்னிக்கலாம், நியமனமே சட்டவிரோதமாக இருந்தால் கூடாது.

சம வாய்ப்பு என்ற அந்த வாதத்தை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பையனுக்கும் அந்த வேலையில் உரிமை உண்டு. ஆனால் கொல்லைக் கதவைத் திறந்து விட்டதும் அரசுதான், உள்ளே கூப்பிட்டு இருபது வருஷம் வேலை வாங்கியதும் அரசுதான், கடைசியில் "நீ கொல்லைப்புறமாக வந்தவன்" என்று சொல்வதும் அதே அரசு என்றால் எங்கேயோ இடிக்கிறது. உச்ச நீதிமன்றத்துக்கே இப்போது இது இடிக்கிறது போலிருக்கிறது. 2024 டிசம்பர் 20 அன்று ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் பல வருஷம் கூட்டிப் பெருக்கியவர்களை ஒரே நாளில் நிறுத்தியது தவறு, உமாதேவியைக் கேடயமாக்கித் தொழிலாளர்களைச் சுரண்டக் கூடாது என்று சொல்லி நிரந்தரம் செய்ய உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் காஜியாபாத் மாநகராட்சித் தோட்டக்காரர்களின் வழக்கிலும் காற்று அதே பக்கம்தான் வீசியது. அதற்கு வெகு முன்னால், 2009லேயே, மகாராஷ்டிரப் போக்குவரத்துக் கழக வழக்கில், உமாதேவி கட்டிப்போட்டது ரிட் அதிகாரத்தைத்தான், தொழிலாளர் சட்டப்படி தொழில் நீதிமன்றங்களுக்கு உள்ள அதிகாரத்தை அது பறிக்கவில்லை என்று சொல்லியாயிற்று. ஆனால் ஜக்கோ தீர்ப்பைக் கையில் எடுப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். அங்கே வேலையில் வைத்தது ஆணையமே. நடுவில் காண்ட்ராக்டர் இருக்கிறவர் முதலில் அந்தத் திரையை விலக்கியாக வேண்டும்.

இன்னொரு குழப்பம், 240 நாள். "240 நாள் முடித்துவிட்டேன், இனி நான் பெர்மனன்ட்" என்று நம்புகிறவர்கள் ஏராளம். தொழில் தகராறுச் சட்டத்தில் (2025 நவம்பரில் அதன் இடத்தில் புதுத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது) இருந்த 240 நாள், சும்மா வேலையை விட்டு அனுப்ப முடியாது என்பதற்கான கணக்கு. பன்னிரண்டு மாதத்தில் அத்தனை நாள் வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் நஷ்டஈடாகத் தர வேண்டும். நிரந்தரம் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

நிரந்தரம் பற்றிப் பேசுகிற நாள் கணக்கு 480. அது தமிழ்நாட்டின் சொந்தச் சட்டம்: 1981ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கல்) சட்டம். இருபத்து நான்கு காலண்டர் மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ச்சியாக வேலை பார்த்தவர் நிரந்தரமாக்கப்பட வேண்டும். நோய், விபத்து, அனுமதித்த விடுப்பு, சட்டபூர்வமான வேலைநிறுத்தம் இவற்றால் தொடர்ச்சி அறுந்துபோகாது. லேபர் இன்ஸ்பெக்டரிடம் மனு போட்டு உத்தரவு வாங்கலாம். மின்வாரியத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர் இந்த வழியில் உத்தரவு வாங்கியிருக்கிறார்கள், வாரியம் அதை எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் போயும் இருக்கிறது. கட்டுமானப் பணி செய்யும் நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு விலக்கு இருக்கிறது, அதுவும் சிவில் மட்டுமல்ல, மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் கட்டுமானம் வரை நீள்கிற விலக்கு. கம்பம் நடுவதும் லைன் இழுப்பதும் கட்டுமானமா, பராமரிப்பா? வக்கீல்களுக்கு இது ஒன்று போதும், பத்து வருஷம் ஓட்டிவிடுவார்கள்.

வழக்கு தவிரப் பேச்சுவார்த்தையிலும் பலர் நிரந்தரமானார்கள் என்பதற்கும் மின்வாரியமே உதாரணம். 1991ல் அறிக்கை தந்த நீதிபதி காலித் ஒருநபர் குழு சுமார் 18,000 ஒப்பந்தத் தொழிலாளர்களை அடையாளம் கண்டு வாரியத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. அதற்குப் பிறகு யூனியன்களோடு போட்ட 12(3) ஒப்பந்தங்கள் வழியாகவும் பலர் உள்ளே வந்தார்கள். 12(3) என்பது தொழில் தகராறுச் சட்டத்தின் அந்தப் பிரிவின்படி சமரச அதிகாரி முன்னால் போட்ட முத்தரப்பு ஒப்பந்தம்; கையெழுத்துப் போடாத யூனியனின் ஆட்களையும் அது கட்டுப்படுத்தும். ஒரு பட்டியலில் இருக்கிறவர்களை உள்ளே எடுத்து முடிப்பதற்குள் அடுத்த பட்டியலுக்கு ஆள் சேர்ந்துவிடுவதும் உண்மை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் லட்சத்துக்கும் மேலான கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனபோது இடுப்பளவு சேற்றில் நின்று நிமிர்த்தியவர்களில் இந்தப் புதிய பட்டியல்காரர்களும் இருந்தார்கள்.

கடைசியாகப் புதுச் சட்டம். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 1970 சட்டம் போய், அதன் இடத்தில் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்பு வந்திருக்கிறது. இருபது பேர் என்ற வரம்பு ஐம்பது ஆகிவிட்டது. நாற்பத்தொன்பது பேரோடு நிறுத்திக்கொள்கிற காண்ட்ராக்டர்கள் இனி நிறைய முளைப்பார்கள் என்று நினைக்கிறேன். இன்னொரு பக்கம், நிறுவனத்தின் மையப் பணியில் காண்ட்ராக்ட் கூடாது என்று சட்டமே சொல்கிறது, அதிலும் சில விலக்குகளோடு. துப்புரவு, காவல், கேன்டீன், தோட்டம், சுமை ஏற்றி இறக்கும் வேலை போன்றவை மையப் பணி ஆகாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு முன்னால் ஒரு நிபந்தனை உண்டு: நிறுவனமே அந்த வேலைக்காக அமைக்கப்பட்டதாக இருக்கக் கூடாது.

இதை வைத்துக்கொண்டு சென்னைக்கு வாருங்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் பெயரில் வேலைக்கு வந்து பல வருஷம் மாநகராட்சியின் கீழே குப்பை அள்ளியவர்கள் அவர்கள். தனியாரிடம் போனால் கையில் வரும் கூலி குறையும் என்ற பயம் ஒருபுறம். இன்னொரு புறம், நான் மேலே சொன்ன அந்த முதல் கேள்வி: நேற்று வரை மாநகராட்சி ஆள் என்று சொல்லிக்கொள்ள இருந்த வாய்ப்பு, கம்பெனி சீருடை போட்ட அன்றே பலவீனமாகிவிடும். நிரந்தரம் கேட்டவர்கள் ஏன் தனியார்மயத்தை அவ்வளவு பிடிவாதமாக எதிர்த்தார்கள் என்று புரியாதவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. ஊரைச் சுத்தமாக வைத்திருப்பது மாநகராட்சியின் சட்டப்படியான கடமை. ஒரு வங்கிக்குத் துப்புரவு பக்கவேலையாக இருக்கலாம், மாநகராட்சிக்கு எப்படிப் பக்கவேலை ஆகும்? புதுச் சட்டத்தின் அந்த நிபந்தனையை வைத்து யாராவது ஒரு நாள் இந்த வாதத்தை வைப்பார்கள், அது எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

யாரிடம் போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேயே பலர் முதல் வருஷத்தை வீணாக்குகிறார்கள். நெய்வேலி, துறைமுகம், ரயில்வே மாதிரி மத்திய அரசு சம்பந்தப்பட்ட இடம் என்றால் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகம். மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், மாநகராட்சி என்றால் மாநிலத் தொழிலாளர் துறை. தனி ஆளாகப் போவதை விட யூனியன் வழியாகக் கூட்டாகப் போவது நல்லது, காண்ட்ராக்டர் மாறும்போது தனி ஆளை வெளியே விடுவது சுலபம். மனு கொடுக்கும்போது "பல வருடங்களாக" என்று எழுதாதீர்கள். எந்த மாதம் எந்தக் காண்ட்ராக்டர், எந்த செக்ஷன், எந்த அதிகாரியின் கீழ் என்று வரிசையாக எழுதி, கேட் பாஸ் ஜெராக்ஸ், பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். மனுவின் நகலில் அலுவலக முத்திரை வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.